தங்கவேல் ஓட்டுக்கு வந்த விலை

தங்கவேல் தினம் இரண்டு முறை எல்லை தாண்டுகிறவர். ஆந்திர எல்லை இல்லை, அது பக்கம்தான். காலை ஐந்தேகாலுக்குத் திருத்தணியில் ரயிலேறினால், ஏழு மணிக்கு அம்பத்தூர் அடுக்ககம் ஒன்றின் கேட்டில் வாட்ச்மேன். ராத்திரி மறுபடி கிராமத்தான்.

அடுக்ககச் செயலாளர் பரத்வாஜ், நாட்டுக்காகக் கவலைப்படவென்றே காலை நடைப்பயிற்சி வைத்திருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டருகே ஒரு கவலை.

"உங்க ஊர் ஜனங்க காசு வாங்கினு ஓட்டைக் குத்திடறீங்க தங்கவேல். நாடு எப்படி உருப்படும்?"

"ஆங் சார்." வரி கட்டுகிற மனுஷன், வயிறு எரியத்தானே செய்யும் என்று தங்கவேல் மனசாரப் புரிந்துகொள்ள முயல்வார்.

திரும்பி வந்தால், ஸ்டேஷன் வாசலில் டீக்கடை சுப்பன்.

"இன்னா மாமா, உன் பிளாட்டுக்காரங்கோ ஓட்டு போடுவாங்களா, இல்ல ரிசார்ட்டா? மலைக்கு வந்தா பஞ்சாமிர்தம் சூப்பர்ன்னு போறாங்கோ. நம்மூர் பஸ்ஸு நின்னுபோச்சே, ஒருத்தனாவது கேட்டானா?"

"அப்டிச் சொல்லாத நைனா. அங்க லிப்ட் ரிப்பேராகி நாலு நாளாவுது. அவங்களுக்கும் கஷ்டம் கீது."

சுப்பன் சிரித்த சிரிப்பில் பாதி டீ கீழே போயிற்று.

இந்தத் தடவை தங்கவேலுக்கு ஓட்டு சும்மா கிடைத்ததல்ல. பட்டியலில் பெயர் விட்டுப்போய், மூன்று நாள் சம்பளத்தை விட்டு அலைந்து திரும்பச் சேர்த்த பெயர் அது.

தேர்தலுக்கு முந்தின நாள் பரத்வாஜ் வந்தார்.

"நாளைக்கு நீ கட்டாயம் வரணும். லீவு சேர்ந்து வருது, எல்லாரும் வெளியூர் போறோம்."

"ஓட்டு கீது சார். இங்க வந்துட்டுத் திரும்பறதுக்குள்ள பூத்தை மூடிடுவாங்க."

பரத்வாஜ் குரலைத் தாழ்த்தினார். "அங்க உனக்கு எவ்வளவு தராங்க? அதை நானே தரேன். மேல ஐந்நூறு. வரலைன்னா வேற ஆள் பாத்துப்பேன்."

ஐந்து வருஷமாகப் பிடிபடாத நகரம் அந்த நிமிஷம் தங்கவேலுக்குத் தெளிவாகிவிட்டது. ஊரில் ஓட்டுப் போடக் காசு. இங்கே போடாமலிருக்கக் காசு. நகரத்தில் எல்லாமே விலை அதிகம்தான்.

மறுநாள் அவர் ரயிலேறவில்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார். முன்னால் சுப்பன், இரண்டு கட்சியிலும் கவர் வாங்கிய களைப்பில், நகரத்து ஜனங்களின் பொறுப்பின்மையைக் கண்டித்துக்கொண்டிருந்தான்.

லீவெல்லாம் முடிந்த திங்கட்கிழமை, வேலை போயிருக்கும் என்றுதான் தங்கவேல் கேட்டுக்குப் போனார். அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் அகப்படாததால் நாற்காலி காலியாகவே இருந்தது. நடைப்பயிற்சியில் வந்த பரத்வாஜ் நின்றார். அவர் விரல்கள் பத்தும் பளிச்சென்றிருந்தன. தங்கவேலின் மைவிரலைப் பார்த்துத் தலையாட்டினார்.

"போட்டுட்டே இல்ல? எவ்வளவு குடுத்தாங்க?"

தங்கவேல் எழுந்து, கேட்டை மரியாதையாகத் திறந்துவிட்டார்.

"நீங்க சொன்ன ரேட்டு அங்க யாருமே சொல்லல சார்."