தினம் ஒன்று போட்ட என் மச்சினன்

என் மனைவியின் தம்பி கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்றைக்கு இரண்டு லேத் பட்டறைக்கு முதலாளி. அவன் பன்னிரண்டு வரை படித்தான். அந்தப் படிப்பு அவனை என்ன பாடு படுத்தியது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இடது கை சோர்ந்தது. ரெக்ஸினை இழுத்துப் பிடிக்கிற கை அது. மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்கள் அழற்சியில் தடித்து, கைக்குப் போகும் வழி சுருங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே உடம்பை அடிக்கிறதாம். சம்பளத்துக்கு வைத்த காவலாளி முதலாளியை அடித்த கதை. அந்தச் சக்தியை அடக்கத்தான் மருந்து. கை போனால் பிழைப்பு போச்சு. வேறு எதற்கும் அவன் லாயக்கில்லை என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரியும்.

ஸ்டீராய்டில் முகம் பூசணிக்காயாக உப்பியது. ஸ்டீராய்டின் அளவைக் குறைப்பதற்காக, வாரத்துக்கு ஒரு தரம் மட்டும் விழுங்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இவனுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான், லிஃப்ட் ஓட்டுகிறவன். அதே வியாதி, வேறு மாத்திரை, தினமும் போடுவது. அவன் கை தேறிவிட்டது.

"எது மேடம் ஒசத்தி? அவரோடதா, என்னோடதா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டான் மச்சினன். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இது அபூர்வமா வர்ற வியாதி. ரெண்டையும் நேருக்கு நேர் வெச்சுப் பார்த்த ஆராய்ச்சி ரொம்பக் கம்மி. உங்களுக்கு இது ஒத்துக்குதான்னு கொஞ்ச மாசம் பார்ப்போம். இல்லைன்னா மாத்துவோம்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவனைத்தான் நான் வேலைக்கே வைப்பேன். இவனோ படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"பாத்தீங்களா மாமா, அவங்களுக்கே தெரியல."

"உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

"அவரு தினம் போடுறாரு, தேறிட்டாரு. நான் வாரம் ஒண்ணு போட்டா எப்படித் தேறும்?"

"டேய், அது வேற மாத்திரைடா."

"மாத்திரைன்னா மாத்திரைதான் மாமா. நீங்க போய் லேத்தைப் பாருங்க."

என்னை லேத்தைப் பார்க்கச் சொன்னான்! அவன் வீட்டுக்குப் போய், வாரத்து மாத்திரையைத் தினமும் விழுங்க ஆரம்பித்தான்.

சில நாளிலேயே வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. காய்ச்சல் வேறு. அப்போதும் என் மனைவியிடம், "மருந்து வேலை செய்யுதுக்கா, அந்தச் சூடுதான்" என்று உளறினானாம். சட்டைக் காலரைப் பிடித்து நான்தான் வண்டியில் ஏற்றினேன். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. டாக்டரம்மா காலி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் சொல்லி தினமும் போட்டீங்க?"

புண் வாயைக் கையால் சுட்டிக் காட்டினான்.

"யாரும் சொல்லல மேடம். சொந்த ஆராய்ச்சி" என்றேன்.

மருந்தை முறிக்கிற ஊசி போட்டு, தனி அறையில் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். பிறகு அதை நிறுத்திவிட்டு, லிஃப்ட்காரனின் மாத்திரையையே கொடுத்தார்கள். சில மாதங்களில் மணிக்கட்டில் நாடி மெல்லத் தட்டியது. உடனே ஐயாவுக்கு வாய் திரும்பிவிட்டது.

"நான் அன்னிக்கே சொல்லலியா மாமா, அவரோடதுதான் ஒசத்தின்னு?"

லிஃப்ட்காரனுக்கு அது இப்போது பலிக்காமல் போய், ஊசிக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சேதியை மட்டும் இவன் யாரிடமும் சொல்வதில்லை.

மாத்திரை அட்டை இப்போது என் மனைவியின் பீரோவில் இருக்கிறது. தினமும் தன் தையல் கடையைத் திறக்கப் போகும் வழியில் வந்து, சின்னப் பிள்ளை மாதிரி அக்கா முன்னால் நிற்கிறான். வாங்குவதற்கு அவன் நீட்டுவது இடது கையை.