வயிற்றில் பலூனோடு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

ஓகஸ்ட் பௌர்ணமிப் போயா விடுமுறையில் கண்டியிலிருந்து கொழும்புக்குப் போனேன். அப்பா இருந்த காலத்தில் ஞாயிறுதோறும் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, அவருடைய தங்கையான என் மாமி வீட்டுக்குப் போவோம். அந்த வழியைத் தனியாக ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை.

யாரிடமும் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உடல் பருமனுக்காக நான்கு மாதங்களுக்கு முன் என் இரைப்பையில் பலூன் வைத்திருந்தார்கள். உள்ளே நீலச் சாயம் கலந்த உப்புநீர். சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போனால் பலூன் கசிகிறது, உடனே வர வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சுருங்கிய பலூன் குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும்.

காலை 6.15 ரயில், கோட்டையில் 8.50. அங்கிருந்து கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்கு இருபது நிமிடம். வலப்பக்கம் உட்காருங்கள், கடல் கூடவே வரும். நாங்கள் இருந்த வீடு இப்போது எட்டு மாடி. காலி வீதி பேக்கரி மட்டும் அப்படியே இருக்கிறது. ஞாயிறுகளில் அப்பா தனக்குப் பால் விடாத பிளேன்டீயும் எனக்குப் பச்சைக் கிரீம் சோடாவும் வாங்குவார். “மாமிக்கு நாக்கைக் காட்டிப்போடாதை” என்பார். சோடா குடித்தால் சாப்பிடமாட்டேன் என்று மாமி ஏசுவா. பலூன் உள்ளவர்கள் சோடா குடிக்கக்கூடாது. தெரிந்தும் அரைப் போத்தல் குடித்தேன்.

கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றர்தான். புறக்கோட்டையில் பஸ் மாறி, நெரிசலில் ஒன்றேகால் மணித்தியாலம். மாமி வாசலிலேயே நின்றா.

“என்னடி, கண்டியில சாப்பாடு இல்லையோ? இப்பிடி மெலிஞ்சு போனாய்.”

சாப்பிட முன் கழிவறைக்குப் போனபோது சிறுநீர் பச்சையாகப் போனது. எனக்கு வந்த முதல் நினைப்பு கிரீம் சோடாதான். நாக்கைப் பச்சையாக்கியது இதையும் ஆக்காதா என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். மாமி வைக்க வைக்க நான் ஓரத்தில் ஒதுக்கினேன். பிறகு பழைய சந்து ஒழுங்கைகளைப் பார்க்கக் கிளம்பி ஒன்றரை மணித்தியாலம் நடந்தேன். மூன்று மணிக்குத் திரும்பியபோது வயிற்றைப் பிடித்து இழுத்தது. சிறுநீர் இப்போது சுத்த நீலம். அது சோடா இல்லை.

மாமியிடம் சொன்னேன். கொஞ்சநேரம் என் வயிற்றையே பார்த்தா.

“பலூனோ? ஆரடி உனக்குள்ள பலூன் ஊதினது?”

கேட்டபடியே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டா. ஆஸ்பத்திரி ஆறு கிலோமீற்றர், முச்சக்கரவண்டிக்கு 750 ரூபா, இருபத்தைந்து நிமிடம். நான் ஒளித்து வைத்திருந்ததை மாமி சாரதியிடம் முதல் சந்தியிலேயே சொல்லிவிட்டா. எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை நிறுத்தாத குறையாக ஏற்றி இறக்கினார்.

மயக்க மருந்து கொடுக்க வேண்டும், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டாய் என்று தாதி கேட்டா. நான் வாய் திறக்க முன்பே மாமி சொன்னா:

“ஒண்டேகாலுக்கு ரெண்டு இடியப்பம், ஒரு கரண்டி சொதி. மீனைத் தொடவேயில்லை. மூண்டாவது இடியப்பம் சாப்பாட்டுக் கோப்பையிலதான் கிடக்குது.”

இத்தனை வருடமும் என் கோப்பையை மாமி பார்ப்பது எனக்குப் பிடித்ததில்லை. தாதி அதை அப்படியே எழுதிக்கொண்டா. சோடாவை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மாமி சிரித்தா.

“அண்ணாவும் ஒளிச்சுத்தான் வாங்கித் தாறவர். உன்ர பச்சை நாக்கை நான் காணேல்லையெண்டு ரெண்டு பேருக்கும் நினைப்பு.”

ஸ்கானில் பலூன் அரைவாசி சுருங்கியிருந்தது, ஆனால் இரைப்பையை விட்டு இறங்கவில்லை. வயிறு காலியானதும் மறுநாள் காலை வாய்வழியாகவே குழாய்விட்டு எடுத்தார்கள். இன்னும் சில மணித்தியாலம் நடந்து திரிந்திருந்தால் இப்படி முடிந்திருக்குமோ தெரியாது என்றார் டொக்டர்.

பலூனோடு பயணம் போகிறவர்கள் வைத்த திகதி, பலூனின் வகை, டொக்டரின் இலக்கம் மூன்றையும் கைப்பையில் வைத்திருங்கள். நிறம் மாறினால் காரணம் தேடாதீர்கள், போய்விடுங்கள். தங்கும் வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.

பேக்கரியில் கிரீம் சோடா இன்னும் கண்ணாடிப் போத்தலில்தான் தருகிறார்கள். வயிறு ஆறியதும் போவேன். இந்தமுறை மாமிக்கும் ஒன்று வாங்க வேண்டும்.