முன்னால் பார்த்து நடக்கும் தேர்வு

என் வீட்டுக்காரருக்குப் பின்னோக்கி நடப்பதுதான் தொழில். சொன்னால் சிரிப்பார்கள், நானும் கல்யாணமான புதிதில் சிரித்தவள்தான். பழைய நகரத்தைப் பார்க்க வருகிறவர்களை இரண்டு மணி நேரம் நடத்தியே கூட்டிப்போய், எந்த வீட்டை யார் கட்டினார்கள், எந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் வழிகாட்டி அவர். மற்றவர்கள் முன்னால் போய்க்கொண்டே கழுத்தைத் திருப்பிப் பேசுவார்கள். இவர் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபடி பின்னால் கால் வைத்துக்கொண்டே போவார். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. இவரைப் பார்த்துக் காப்பியடித்த இன்னொருவர் விழுந்தார். விழுந்தவர் சும்மா விழவில்லை, ஒரு பழக்கடையையும் சேர்த்துக் கவிழ்த்தார்.

அதோடு பிடித்தது சனி. வழிகாட்டிகளுக்கு இனி உரிமம் வேண்டும், அதற்கு ஒரு நடைத் தேர்வு என்று நகராட்சி அறிவித்தது. முன்னால் பார்த்துத்தான் நடக்க வேண்டும். நடக்கும்போது கூட்டத்தின் பக்கம் திரும்பினால் அந்த இடத்திலேயே தோல்வி. உரிமம் இல்லாதவர்கள் அடுத்த மாதத்திலிருந்து பழைய நகரத்துக்குள் கூட்டம் கூட்டிப்போகக் கூடாது. இவருக்கோ வேறு வேலை தெரியாது. ஒரு பல்பு மாட்டச் சொன்னால்கூட, அந்த வீட்டுக்குக் கரண்டு வந்த கதையைச் சொல்லிக்கொண்டு ஸ்டூல் மேலேயே நிற்பார்.

முன்னால் பார்த்து நடப்பது என்ன மலையைப் புரட்டுகிற வேலையா என்றுதான் நினைத்தேன். வீட்டில் பழகும்போதுதான் சிக்கல் தெரிந்தது. கூட்டத்தைப் பார்த்து நிற்கிறவருக்கு, தன் வலது கைப் பக்கம் இருப்பது கேட்பவர்களுக்கு இடது. அப்படியே சொல்லிச் சொல்லி நாக்கு படிந்துவிட்டது. சமையலறையிலிருந்து வாசல்வரை அவர் நடக்க, கையில் கரண்டியோடு நான் பின்னால் நடந்தேன்.

"உங்க இடது பக்கம் பாருங்க, பிரிட்ஜ்."

"பிரிட்ஜ் வலது பக்கம் இருக்குங்க."

"உனக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தாங்க! ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே பாத்துட்டு நிக்கறோம்?"

மூன்று வாரம் இந்தக் கூத்து நடந்தது. என் பொறுமை போய், குரல் போய், கடைசியில் ஒரு வழியாகப் பிரிட்ஜ் வலது பக்கம் வந்து சேர்ந்தது.

தேர்வுக்குக் கேட்பவர்கள் ஆறு பேரை நாமே கூட்டிவர வேண்டுமாம். என் தங்கை, அவள் கணவர், நான் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேர், நான். வரவேற்பு மேசை என்னுடையது. இவர் கூட்டம் நடத்துவது ஞாயிற்றுக்கிழமைகளில்; ஆஸ்பத்திரியிலும் அன்றைக்குத்தான் கூட்டம் அலைமோதும் என்பதால், இவர் நடையை நான் பார்த்ததே இல்லை. தேர்வு அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். பத்து இடங்களில் ஆறு சரியாகச் சொன்னால் போதும். அதிகாரி ஒருவர் அட்டையும் பேனாவுமாகக் கூடவே வந்தார்.

முதல் இடத்திலேயே சொதப்பல். "இடது பக்கம் மேல பாருங்க. மூணு ஜன்னல்ல நடு ஜன்னல் பொய். அழகுக்காகச் சுவத்துல வரைஞ்சது" என்றார். எல்லோரும் இடது பக்கம் அண்ணாந்து பார்த்தோம். செருப்புக்கடை விளம்பரப் பலகை இருந்தது. என் தங்கை கணவர், "இதுல எதுங்க பொய்?" என்று கேட்டே விட்டார். அதிகாரி சிரிக்காமல் ஒரு பெருக்கல் குறி போட்டார். இரண்டாவது இடமும் போச்சு.

மூன்றாவதிலிருந்து மனுஷன் சுதாரித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் ஒரு நொடி நின்று, விரலை மடக்கிப் பார்த்து, பிறகு பக்கத்தைச் சொன்னார். இரும்புக் கைப்பிடி போட்ட பால்கனி, சரி. வெடிப்புக்குள் செங்கல் தெரியும் மணிக்கூண்டு, சரி. எட்டாவது இடம் முடிந்தபோது ஆறு சரி விழுந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது. இனி வாயை மூடிக்கொண்டு நடந்தாலே உரிமம் கையில். நூறு அடி இருக்குமா? அவ்வளவுதான்.

ஒன்பதாவது இடம் ஒரு வணிகரின் பழைய வீட்டு நுழைவாயில். வளைவை நெருங்கும்போது, நடந்துகொண்டிருந்த மனுஷன் சட்டென்று திரும்பிவிட்டார். எங்கள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, பழையபடி பின்னால் கால் வைத்தார். ஒரு கணம் பேச்சு நின்றது. பிறகு அந்த வளைவின் கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். அதிகாரி தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"ஒரு வருஷம் கழிச்சு மறுபடி எழுதிப்போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

மற்றவர்களை அனுப்பிவிட்டு, நடுத்தெருவென்றும் பார்க்காமல் வெடித்தேன். "மூணு வாரம் கரண்டியும் கையுமா உங்க பின்னாடி நடந்தேனே, இதுக்குத்தானா? நூறு அடிங்க! திரும்பிப் பாக்காட்டி நாங்க என்ன ஓடியா போயிடுவோம்?"

"பத்தொம்பது வருஷத்துல இன்னிக்குத்தான் நீ வந்திருக்க" என்றார். "இருக்கறதிலேயே எனக்குப் பிடிச்ச இடம் அது. அதைப் பாக்கும்போது உன் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கணும்போல இருந்துச்சு."

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. "பாத்தாச்சுல்ல? திருப்திதானே?"

"பாத்தேன்" என்றார். "நீ அந்த ஆளோட பேனாவைத்தான் பாத்துட்டிருந்த."