பாதி என்று போட்ட கணக்கு

மதி கிளம்பிப் போனது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய அப்பா அன்பரசன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலையும் தங்க ஓர் அறையும் பிடித்திருந்தான். எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து பள்ளிப் பையைக் கார்குழலிதான் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கீழே வந்தும் அதை ஆட்டோவில் வைக்காமல் நின்றாள்.

“குடு அண்ணி. ஆட்டோக்காரன் கத்திகினு கீறான்” என்றான் அன்பரசன்.

“கத்தட்டும். அவன் பொண்ணா போவுது?”

கார்குழலி மதிக்குப் பெரியம்மா. பிரசவத்தில் தாயை இழந்த குழந்தையை அன்றிலிருந்து வளர்த்தவள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பது அவள் பிழைப்பு.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டியிருந்த பழைய வீடு நீளம் இருபதடி, அகலம் இருபதடி. அவளும் கணவன் செங்குட்டுவனும், இரண்டு மகன்களும், கொழுந்தன் அன்பரசனும் மதியும் அதில் இருந்தார்கள். சாலைக்காக இடிப்பதற்கு முன் கணக்கெடுக்க வந்தவர், அன்பரசனைத் தனிக் குடும்பம் என்று எழுதிக் கொடுத்தால் தனி வீடு கிடைக்கும் என்றார். கார்குழலி மறுத்துவிட்டாள். தனி வீடு என்றால் மதியும் அங்கேதானே போவாள்? பதிலுக்குக் கிடைத்த இந்த எர்ணாவூர் வீடு பத்துக்குப் பத்து. நீளம் பாதி, அகலம் பாதி, அதனால் வீடும் பாதி என்று அவள் கணக்குப் போட்டாள். பாதியில் நெருங்கிப் படுத்துக்கொள்ளலாம்.

பீரோவும் அடுப்பும் வைத்தபின் மூன்று பாய்தான் விரிக்க முடிந்தது. அன்பரசன் நடையில் படுத்தான்.

“பாதிகூட குடுக்காம ஏமாத்திகீறானுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில்தான் பக்கத்து வீட்டிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் அம்மாவிடம் திரும்பியிருந்தேன். மதி சாக்பீஸால் தரையில் ஒரு சதுரம் போட்டு, குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் இழுத்தாள்.

“பாரு பெரியம்மா, பத்துக்குப் பத்து இதுல நாலு அடங்குது. இருபது இருபது நானூறு. பத்துப் பத்து நூறு. பாதி இல்ல, கால்.”

“இத அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?”

“அப்ப எங்க மிஸ்ஸு வர்க்கம் நடத்தலியே.”

கார்குழலி நாலு கட்டத்தையும் விரலால் தொட்டு எண்ணினாள்.

மதி போனபின், அவளைத் திரும்பக் கூட்டிவர ஒரு பெரிய அறை தேடினாள். புரோக்கர்கள் சதுர அடியில் பேசினார்கள். பக்கம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இன்னொரு தடவை ஏமாற அவளுக்குத் தெம்பில்லை. மீன் வாடை அடிக்கும் கையோடு என்னிடம் கணக்குப் படிக்க வந்து உட்காருவாள். ஒன்றிலிருந்து இருபது வரை வர்க்கங்களை ஒப்பித்தாள். இரண்டு, மூன்று, ஏழு, எட்டு இவற்றில் எந்த வர்க்கமும் முடிவதில்லை என்பதை அவளாகவே கவனித்துச் சொன்னாள்.

மூன்றாம் வருஷம் விம்கோ நகரில் சதுரமான அறை ஒன்று வந்தது. இருநூற்று ஐம்பத்தாறு சதுர அடி.

“ஆறுல முடியுது. அப்ப பக்கம் நாலுல முடியணும், இல்லாங்காட்டி ஆறுல. பதினாலு பதினாலு நூத்தித் தொண்ணூத்தாறு, பத்தாது. பதினாறு! ஆறு பாயும் வுழும்மா.”

தோட்டை அடகு வைத்து முன்பணம் கொடுத்துக் குடிபோனாள். ஜன்னலோர மூலையைப் படமெடுத்து, “இது மதிக்கு” என்று அன்பரசனுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். வாரக்கணக்கில் பதில் இல்லை. மூலையில் எதையும் வைக்கவிடாமல் மகன்களைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் புது எண்ணிலிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது. அவளுக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.

“பெரியம்மா, மதி. அப்பா போன் ரிப்பேர், இப்பதான் போட்டோ பாத்தேன். நான் ஹாஸ்டல்ல சேந்துட்டேன். லீவுக்கும் இங்கயே இருந்துக்கலாமாம். எனக்காக எடம் வுட வேணாம். அண்ணனுங்கள அங்க படுத்துக்கச் சொல்லு.”