டோ சேன் அம்மாவின் அடுப்புக் கம்பி

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை, பக்கத்து வீட்டிலிருந்து 'பட்'டென்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே டோ சேன் அம்மாவின் குரல். அழுகையா, கூப்பாடா என்று புரியவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கரண்ட் அடுப்பின் கம்பி இரண்டாக அறுந்து கிடந்தது. மேலே பானையில் பாதி வெந்த சோறு.

முந்தின நாள் சாயங்காலம் நான் முறுக்கிப் போட்டுக் கொடுத்த கம்பி அது!

இங்கே பர்மாவில், தின்கன்ஜூனில் எங்கள் தெருவில் அடுப்புக் கம்பி அறுந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நான் படித்தது ஏழாம் வகுப்பு வரைதான். கரண்ட் கணக்கெல்லாம் தெரியாது. கை சொல்வதைக் கேட்பேன், அவ்வளவுதான்.

கடையில் கம்பி கட்டுக்கட்டாகத் தொங்கும். மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் எரிந்துபோகும். தடிமனாக எடுத்தால் சூடு அடக்கமாக வருவதற்கு நீளம் அதிகம் வேண்டும், மண் தட்டின் பள்ளத்துக்குள் அடங்காது. நடுத்தரமாகப் பார்த்து ஒரு முனையை மடக்கிப் பார்ப்பேன். முறியாமல் மடங்க வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்து சைக்கிள் ஆரக்கம்பியில் நெருக்கமாகச் சுற்றி, உருவி, ஒரே சீராக இழுத்துவிட வேண்டும். எங்காவது சுருள் நெருங்கி நின்றால் அந்த இடம் முதலில் அறும். இரண்டு முனையையும் மட்டும் இரட்டையாக மடித்து முறுக்கிவிடுவேன். திருகாணி மாட்டுகிற இடம் சூடேறாது.

இதுவரை எல்லாம் சரி. இதற்கு மேல் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது... அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

நம் ஊர் கரண்ட் உங்களுக்குத் தெரியாததா? சாயங்காலம் "மீ லாப்பி!" என்று தெருவே கத்தும் — விளக்கு வந்துவிட்டதாம். வந்த விளக்கைப் பார்த்தால் பல்பு பழுத்த மிளகாய் மாதிரி மினுங்கும். அந்தக் கரண்டில் முழு நீளக் கம்பி போட்டால் உலை கொதிக்காது. அதனால் சுருளில் கொஞ்சம் வெட்டிவிடுவோம். கம்பி குட்டையானால் சூடு கூடும். எங்கள் வீட்டில் அப்படித்தான். சாயங்காலச் சமையல் கரண்டில், காலைச் சமையல் கரியில்.

டோ சேன் அம்மா கேட்டது ஒரு கம்பி. அவ்வளவுதான். வெட்டச் சொல்லவில்லை. நானாகத்தான் நாலு விரல்கடை வெட்டினேன். சாயங்காலம் மாட்டிக் காட்டினேன். சுருள் அழகாகச் சிவந்தது. "கோ மணி கை கைதான்!" என்றார். என் பெயர் மணி; 'கோ' இங்கே மரியாதைக்குச் சேர்ப்பது. எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் அவர் அடுப்பு மூட்டுவது எப்போது? விடியற்காலையில். தெருவே தூங்கும்போது கரண்ட் முழுசாக வரும். குட்டைக் கம்பி அதைத் தாங்குமா?

அவருடைய மகன் கப்பலில் வேலைக்குப் போனவன். அவன் திரும்பி வரும்வரை ஒருநாள்கூட விடாமல் பிக்குகளுக்குச் சூன் — அதாவது பிட்சைச் சோறு — போடுவதாக அந்த அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். காய்ச்சலிலும் விட்டதில்லை. இப்போது நாலு மாதமாக மகனிடமிருந்து கடிதம் இல்லை.

அறுந்த கம்பியைப் பார்த்தபடி பர்மிய மொழியில் சொன்னார்: "என் பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு, கோ மணி. நேத்துப் போட்ட கம்பி. சும்மா அறுமா?"

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா?

"கடைக்காரன் ஏமாத்திட்டான் ஆன்ட்டி. கம்பி மட்டம்."

"அதே கடைக் கம்பியைத்தானே தெருவுக்கெல்லாம் போட்டீங்க? யாருக்கு அறுந்துச்சு? எனக்கு மட்டும்தானே?"

என் பொய் அவர் பயத்தை இன்னும் கெட்டியாக்கிவிட்டது.

தெருமுனையில் பிக்குகள் வருகிற மணிச்சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் மனைவி பாக்கியம் துணியால் பிடித்த பானையோடு நிற்கிறாள். முருகனுக்கு வெள்ளிக்கிழமைப் படையலுக்கு வடித்த சோறு.

"ஏய், சாமிக்கு இன்னும் படைக்கலையே!" என்றேன்.

"சாமி நம்ம வீட்டுலதான இருக்காரு, எங்க போயிடப் போறாரு? சாமியாருங்க அடுத்த தெருவுக்குப் போயிருவாங்க. தள்ளுங்க வழியில நிக்காம!"

டோ சேன் அம்மா வாங்கத் தயங்கினார். "வேண்டுதல் என்னுடையது. அரிசியும் என்னுடையதாகத்தானே இருக்கணும்?"

பாக்கியம் விடவில்லை. "அப்ப உங்க பானையை எனக்குக் குடுங்க ஆன்ட்டி. மாத்திக்குவோம். இப்ப இது உங்க அரிசி."

பானை கை மாறியது. டோ சேன் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி போட்டார். பிக்குகள் போன பிறகும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சோறு போட்டாகிவிட்டது, ஆனால் முகம் தெளியவில்லை. அறுந்த கம்பிதான் அவர் கண்ணுக்குள் நின்றது.

பாக்கியம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்குள் போய், டப்பாவில் போட்டு வைத்திருந்த அந்த நாலு விரல்கடைத் துண்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஆன்ட்டி, கடைக்காரன் மேல தப்பில்ல. நான்தான் வெட்டினேன். நீங்க காலையில சமைப்பீங்கன்னு யோசிக்கவே இல்ல. காலைக் கரண்ட்டுக்கு இந்தக் கம்பி யார் வீட்டுல போட்டாலும் அறுந்திருக்கும்."

துண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"அப்ப இது உங்க முட்டாள்தனம்?"

"ஆமா ஆன்ட்டி."

"முழுசா உங்க முட்டாள்தனம்தானா? வேற ஒண்ணும் இல்லையே?"

"முருகன் மேல சத்தியமா, முழுசா என்னோடதுதான்."

"அட முட்டாளே!" என்று என் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "யபாடே, யபாடே... பரவாயில்லை. நாளைக்கு வெட்டாத கம்பி போடுங்க!"

மகனிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. அந்தக் கவலை அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் கூட்டி வைத்த பயமாவது போனது.

ஒருவருக்கு உதவி செய்யும்போது, அவர் வீட்டு அடுப்பு எப்போது எரியும் என்று கேட்கிறோமா? நம் வீட்டு அளவை எடுத்துக்கொண்டு போய் அங்கே மாட்டிவிட்டு, பாராட்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அறுந்தால் பழி போட ஒரு கடைக்காரன் இருக்கிறான். தப்பை ஒப்புக்கொள்வது நம் மானத்தைப் பற்றிய விஷயம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எதிரில் இருப்பவரின் தூக்கமும் அதில் இருக்கிறது என்பது இந்த வயதில்தான் தெரிகிறது.

அன்று முருகனுக்குப் படைத்தது டோ சேன் அம்மாவின் அரிசி; பாதி வெந்ததை எங்கள் கரியடுப்பில் வைத்து முடித்தோம். பேச்சுவாக்கில் கவனிக்காமல் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது — முருகன் முகம் சுளிக்கவில்லை!