துரையின் படகும் கொழுந்து வாட்டும் மாடியும்

துரையின் படகு முதல்முறை மூழ்கியபோது அதில் துரையும் இருந்தார். தொப்பி மட்டும் நனையாமல் கரையேறினார். சிரிக்கக் கூடாதென்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பண்டாரவளைக்கு அப்பால் ஒரு தோட்டத்து ஸ்டோரில் அப்போது நான் பிட்டர்; இயந்திரமும் குழாயும் பழுதுபார்ப்பவன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ஸ்டோருக்கு மேலே ஒரு குளம் இருந்தது. கடலைப் பிரிந்து மலைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை, மனம் கேளாமல் ஒரு சின்னப் பாய்மரப் படகை ரயிலில் வரவழைத்து அதில் விட்டிருந்தார். சுற்றிவர ஐந்து நிமிடம்கூட ஆகாத குளம். அதில் அவர் கப்பற்படைத் தளபதிபோல உட்கார்ந்திருப்பார்.

அடைமழைக் காலத்தில் படகு கெட்டுவிடக் கூடாதே என்று இடம் கொடுத்தவர் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். கொழுந்து வாட்டும் மேல்மாடியை அவர் கோயில்போல வைத்திருந்தார். “என்ட மாடியில வையுங்கோ. ஒரு பொட்டு ஈரம் அண்டாது” என்றார். அண்டவுமில்லை. இரவும் பகலும் சூடான காற்று ஓடும் இடம் அது. மழை முடியும்வரை கொழுந்தோடு கொழுந்தாகப் படகும் வாடியது. மழை விட்டதும் இறக்கினோம். மூழ்கியது.

துரை சொட்டச் சொட்ட நின்றபடி ஆசாரி சுப்பையா அண்ணனைக் கூப்பிட்டார். தோட்டத்து மரவேலை எல்லாம் அண்ணன் கைதான்.

“அடுத்த ஞாயிறு பக்கத்துத் தோட்டம் துரை வரும். போட் ஓடணும். ஓடாட்டி உனக்குப் பத்துச்சீட்டு!”

பத்துச்சீட்டு வாங்கினால் வேலையோடு, தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். எனக்கு வந்த சிரிப்பெல்லாம் அங்கேயே நின்றுபோயிற்று.

படகைக் கரையில் கட்டைமேல் ஏற்றினோம். ஓட்டையைக் கண்டுபிடிக்க அண்ணன் தலைகீழ் வழியொன்று வைத்திருந்தார். உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறதென்று பார்ப்பது. நான் வாளியால் ஊற்றினேன். அவர் கசியும் இடத்திலெல்லாம் வெண்கட்டியால் கோடு போட்டார். கொஞ்ச நேரத்தில் படகின் அடிவயிறு முழுக்க வெள்ளையாகிவிட்டது.

“எங்கண்ணே ஓட்ட?”

“ஓட்ட இல்லாத எடத்தக் கேளு தம்பி, அதச் சொல்றது லேசு.”

பலகைக்குப் பலகை இடுக்கு. பஞ்சுத்திரியை அடைத்து மேலே புட்டிப் பசை பூசலாம் என்று பார்த்தால், டீமேக்கர் ஐயா குடையோடு வந்து நின்றார். “ஈரப் பலகையில புட்டி நிக்காது. திருப்பி மேல ஏத்துங்கோ, நல்லா வாட்டி எடுப்பம்.” ஏற்றினோம், வாட்டினோம், அடைத்தோம். மறுபடி இறக்கியபோது படகு முன்னைவிட வேகமாக மூழ்கியது. இந்த முறை கரையோரம் என்பதால் பாய்மரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. “கெடக்கட்டும்! ஒருத்தனும் தொடக் கூடாது!” என்று தடியைத் தரையில் குத்திவிட்டுப் போனார்.

யாரும் தொடவில்லை. லயத்தில் அண்ணனின் மனைவி, எங்கள் மதினி, சட்டிபானைகளைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார். அண்ணன் வாசலில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். தீட்டி எங்கே கொண்டுபோவது என்று அவருக்கே தெரியாது.

ஞாயிறு காலை துரை ஆளனுப்பினார். விருந்தாளி கண்ணில் படுமுன் அந்தப் பாய்மரத்தை அப்புறப்படுத்த வேண்டுமாம். நாலு பேர் இழுத்து நிமிர்த்தினோம். இறைத்தால்தானே தூக்க முடியும் என்று உள்ளே இருந்த தண்ணீரை இறைத்தேன். இறைத்த தண்ணீர் திரும்பி வரவில்லை. அண்ணன் படகுக்குள் கைவிட்டு அடிப்பலகையைத் தடவினார்.

“தம்பி, தண்ணி வரல.”

“நல்லாப் பாருங்கண்ணே.”

“வரலடா!”

மாடியில் வாடிச் சுருங்கிய பலகைகள் குளத்தில் கிடந்து தண்ணீர் குடித்து ஊதி, இடுக்கை எல்லாம் தாமே மூடிக்கொண்டிருந்தன. நாங்கள் மெனக்கெட்டு வாட்டியதுதான் நோய். துரையின் கோபம்தான் மருந்து.

அன்று இரு துரைமாரும் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கரையேறியதும் துரை அண்ணனின் தோளைத் தட்டினார்.

“சுப்பையா, என்ன செஞ்சது நீ?”

“தொரை சொன்னதத்தாங்க செஞ்சேன்.”

துரைக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் இருவருமே சிரித்து மாட்டியிருப்போம்.

அதன்பின் எத்தனையோ குழாய், தொட்டி, கூரைக் கசிவுகளைப் பார்த்துவிட்டேன். இளம் பிட்டர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஓட்டையைத் தேடுமுன், அந்தச் சாமான் இதுவரை எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

அடுத்த மழைக்கு டீமேக்கர் ஐயா மறுபடி மாடியில் இடம் தருவதாகச் சொன்னார்.

“வேணாங்கய்யா,” என்றார் அண்ணன். “எம் பொஞ்சாதி இப்பத்தான் சட்டிபானையெல்லாம் அவுத்து வச்சிருக்கா.”