அம்மா குருவிக்குக் கட்டிய கதிர்

எங்கள் அம்மா இந்தப் பர்மிய மண்ணில், பசுந்தாங்கில், ஓடையோரத்து நெருக்கமான குடியிருப்பு ஒன்றில் பிறந்தார்கள். மணமாகித் தாகேதாவுக்கு வந்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே காலமாகிவிட, பர்மியக் கைலியான லோஞ்சி மூட்டிக் கொடுத்தே என்னையும் தம்பியையும் ஆளாக்கினார்கள்.

அம்மாவுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் சிட்டுக்குருவிகள். இவ்வூர் வழக்கப்படி சந்தையில் நெற்கதிர்க் கொத்து வாங்கி வந்து கொல்லைப்புறக் கம்பியில் தொங்கவிடுவார்கள். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர். குருவிகள் போடும் கூச்சலில் தையல் மெஷின் சத்தமே கேட்காது. நான் வேடிக்கை பார்த்தால், "சாப்பிடுறவங்கள ஏன் கண்ணு போடுற?" என்று கேலி செய்வார்கள்.

பட்டாளத்துக்கு இளைஞர்களைப் பிடித்துப்போக வீடு வீடாக ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டில் சிரிப்பு நின்றது. தம்பி வேறிடத்தில் தங்கினான். சாப்பிட மட்டும் பின்சந்து வழியாக வருவான். கதிர் தொங்கினால் உள்ளே வரலாம், தொங்காவிட்டால் நிற்காமல் நடந்துவிட வேண்டும். இது அம்மா செய்த ஏற்பாடு. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா குருவிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கம்பக்கத்தார் நடந்தால் அவை அசையாது. அந்நியர் வந்தால் மொத்தமாக எழும்பும்.

ஒரு மதியம் அப்படி எழும்பின. "எந்திரிடா!" என்றார்கள் அம்மா. பாதிச் சோற்றில் தம்பி முன்வாசல் வழியே ஓடி ஒரு வீட்டுக்குள் நுழைந்துகொண்டான். எந்த வீடு என்று எழுத மாட்டேன். வந்தவர்கள் எச்சில் தட்டு யாருடையது என்று பர்மிய மொழியில் கேட்டார்கள். அம்மா தட்டின் முன் உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்கள். அவர்கள் போன பிறகு அம்மா கதவைத் தாழிட்டு, இருட்டும்வரை அதில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பயமே அம்மாவைத் தின்றது என்று நினைக்கிறேன். நெஞ்சுவலியில் படுக்கையானார்கள். அப்போதும் சந்தில் புது முகங்கள் நடமாடின.

"பாப்பா, கதிர எடுத்துடு."

"தம்பிய பாக்க வேணாமாம்மா?"

"அவன் நல்லா இருந்தா நான் பாத்தாப்பலதான். எடுத்துடு."

எடுத்தேன். சாயங்காலம் தம்பி வந்தான். வெறுங்கம்பியைப் பார்த்துவிட்டு நிற்காமல் நடந்து போனதை ஜன்னலிலிருந்து கண்டு அம்மாவிடம் சொன்னேன். "மெலிஞ்சிருக்கானா?" என்று கேட்டார்கள். "இல்லம்மா" என்றேன். மறுநாள் அம்மா காலமானார்கள். கொள்ளியும் நான்தான் வைத்தேன்.

மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர்கள், சமைத்துப் போட்டவர்கள், சுடுகாடுவரை கூட வந்தவர்கள், அன்று கதவைத் திறந்துவிட்டவர்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன். பெயர் போடப் பயமாக இருக்கிறது, மன்னியுங்கள். தம்பி இப்போது வெகுதூரத்தில் இருக்கிறான். அதனால்தான் கதிர் விஷயத்தை எழுதத் துணிந்தேன்.

கதிரை மறுபடியும் கட்டியிருக்கிறேன். குருவிகள் வருகின்றன. ஒளித்து வைக்க இந்த வீட்டில் இனி யாரும் இல்லை. ஆனாலும் அவை மொத்தமாக எழும்பினால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என் தட்டையே எடுத்துக்கொண்டு கழுவ ஓடுகிறேன்.